வீட்டுக்குள் வந்த மின்நிலையம்

தாம்பரத்துக்கு மின்சாரம் புதிதன்று. 1931-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தமிழகத்தின் எத்தனையோ ஊர்கள் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் இரவைக் கழித்த காலம் அது. இருந்தும் இன்றுவரை, ஐப்பசி கார்த்திகையில் வானம் கறுத்துக் காற்று குளிர்ந்ததும், முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் சேலையூரிலும் பள்ளிக்கரணையிலும் குடும்பத் தலைவியர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, "இன்று ராத்திரி கரண்டு இருக்குமா?" என்பதே.

இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைத் தாம்பரம் வாசிகள் மறக்கமாட்டார்கள். மறுநாட்காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாறு கரை கடந்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கவேண்டி, வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வந்தது. அம்முறை அழிவு செய்தது காற்று. மரங்கள் சாய்ந்தன, அவற்றோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. குழாயில் நீரின்றி, மேல்தொட்டியை நிரப்ப வாடகை ஜெனரேட்டர் கிடைக்குமா என்று மக்கள் தெருத்தெருவாய் அலைந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை, வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளை மீண்டும் இருளில் ஆழ்த்தியது. இவ்வனுபவங்களின் பயனாக, புறநகர் வீடுகள் பலவற்றில் இன்று ஒரு சிறு ஜெனரேட்டர் இடம்பெற்றுவிட்டது. சிலர் கடன்பட்டும் வாங்கியிருக்கின்றனர். அதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் அது ஆடம்பரமாகாது.

ஆனால், வாங்கியவர்களுள் எத்தனை பேர் அதை இயக்கும் முறை அறிந்தவர்கள் என்னும் ஐயம் நமக்கு உண்டு. வழக்கமாக நமக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அத்திப்பட்டில் வானளாவும் புகைப்போக்கிகளை உடைய வடசென்னை அனல் மின்நிலையம், கல்பாக்கம் அணு மின்நிலையம் போன்ற தொலைவிடங்களிலிருந்து வருகிறது. அங்கே எழும் புகை அங்கேயே விண்ணோடு போகிறது. அங்கே எழும் மின்சாரத்தைக் கட்டியாளப் பொறியாளர்கள் இரவு பகலாய் விழித்திருக்கின்றனர். நம் வீட்டில் சுவரிலுள்ள சுவிட்சு ஒன்றே நமக்குத் தெரியும். ஜெனரேட்டர் வந்ததும் அந்நிலை மாறிவிடுகிறது. புகைப்போக்கியும் நம் வீட்டிலே, பொறியாளரும் நாமே என்றாகிறது. கடையில் இயந்திரத்தோடு தரும் சிறு புத்தகத்தை எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை; அலமாரியில் பழைய மின்கட்டண அட்டைகளோடு அது உறங்குகிறது.

முதலில் புகையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் உயிரைக் குடிப்பது அதுவே.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு ஆகிய எதில் ஓடும் இயந்திரமாயினும் அதன் கழிவுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்கும் தன்மையும் இல்லை. நமது இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்களின் சத்து, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு இந்நச்சுவாயுவைப் பற்றிக்கொள்கிறது. காற்றில் பிராணவாயு நிறைந்திருக்கும்போதே உடல் அது கிட்டாமல் தவிக்கிறது. முதலில் தலைவலி, பின் மயக்கம், குமட்டல், கைகால் சோர்வு. உறக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகளும் தெரியா. உறக்கமே மரணமாய் முடியும். "எங்கள் இயந்திரம் புதிது, புகையே வராது" என்பார் உளர். கண்ணுக்குத் தெரியும் கரும்புகை வேறு, இந்த வாயு வேறு. புகை தெரியாத இயந்திரமும் இதை உமிழும்.

நம் அண்டை மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2024 டிசம்பரில், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டி ஒன்றினுள் இரு ஆண்கள் இறந்து கிடந்தனர். காயமில்லை, பூசலில்லை. கோழிக்கோட்டிலுள்ள தேசிய தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அவ்வண்டியைச் சோதித்து, வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு அடித்தளத்திலிருந்த துளை வழியே உள்ளே புகுந்ததென்று கண்டனர். இயந்திரம் அவர்கள் படுத்திருந்த இடத்துக்கு வெளியேதான் இருந்தது. ஒரு துளை போதுமானதாயிற்று. அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தை லாரா புயல் தாக்கியபோது, முதற் சில நாட்களில் அரசு அறிவித்த புயல் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை ஜெனரேட்டர் நச்சுவாயுவால் நேர்ந்தவை. புயலுக்குத் தப்பியவர்கள், புயல் ஓய்ந்தபின் மின்விசிறிக் காற்றை விரும்பி மாண்டனர்.

ஆகவே வீட்டினுள், சமையலறையில், குளியலறையில், வண்டி நிறுத்தும் கொட்டகையில், மாடிப்படியின் அடியில் ஜெனரேட்டரை ஒருபோதும் இயக்கலாகாது. சன்னலையும் கதவையும் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. வீட்டிலிருந்து 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் தள்ளி வைத்து, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி திருப்பவேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி.

இங்கேதான் நமது புறநகர் வாழ்வின் இடர் தோன்றுகிறது. 20 அடிக்கு எங்கே போவது? அரை கிரவுண்டு மனையில் சுவரோடு சுவராகக் கட்டிய வீட்டில், நம் சன்னலுக்கு 20 அடி தள்ளினால் அது அடுத்த வீட்டாரின் சமையலறைச் சன்னலாய் இருக்கிறது. நம் புகையை அவர்கள் குழந்தைகள் சுவாசிக்க நாம் உறங்குவது என்ன நியாயம்? மழை ஓயாமல் பெய்கையில் வெளியே வைத்தால் இயந்திரம் நனைகிறது. அப்போதுதான் "சற்று நேரத்துக்கு மட்டும்" என்று வராந்தாவுக்குள் இழுத்துவிடுகிறோம். வராந்தாவின் சுவரில் படுக்கையறைச் சன்னல். அதன் கதவிடுக்கில் ஒயரை நுழைத்திருப்பதால் சன்னலும் முழுமையாய்ச் சாத்தப்படாது. மழைக்காக மற்ற சன்னல்கள் எல்லாம் அடைத்திருக்கும். வடகரை வண்டியின் துளைக்கும் இந்தச் சன்னலிடுக்குக்கும் வேற்றுமை இல்லை.

நமக்குத் தோன்றும் வழிகள் சில உண்டு. தெருவைப் பார்த்த முன்புறம் திறந்தவெளி இருப்பின் அதுவே உத்தமம்; நான்கு புறமும் திறந்து மேலே மட்டும் தகரம் வேய்ந்த ஒரு சிறு பந்தலை மழைக்காலத்துக்கு முன்பே அமைத்துவிடலாம். வெள்ளம் ஏறும் தெருவாயின் இடுப்பளவு உயரச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் வைக்கவேண்டும். மொட்டைமாடி மற்றோர் இடம். ஆயின் மாடிப்படிக் கதவைச் சாத்தவேண்டும், புகை அண்டை வீட்டு மேல்தளச் சன்னலுக்குள் போகாதவாறு பார்க்கவேண்டும், பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஈரப் படியேறும் துணிவும் வேண்டும். இவற்றுள் எதற்கும் இடமில்லாத வீட்டாருக்கு நாம் சொல்வது, ஜெனரேட்டரை விட்டு இன்வர்ட்டரை நாடுங்கள் என்பதே. மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது சில மணி நேரம் போதும், புகையில்லை. (அதன் பாட்டரி மின்னேற்றம் பெறுகையில் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியாவதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பூசை மாடத்தின் கீழும் படுக்கையறை மூலையிலும் வைக்கவேண்டாம்.) அல்லது இரண்டு மூன்று வீட்டார் கூடி, இடமுள்ள ஒருவர் முற்றத்தில் ஓர் இயந்திரத்தை வைத்து, பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்வது. வர்தாவுக்குப் பின் தண்ணீருக்காகக் கூடிய தெருக்காரர்கள் இதற்கும் கூடலாம்.

இன்னொன்று. 2021-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் வீடுதோறும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் எவருக்கேனும் தலை சுற்றினால், அதை மாட்டி "98 காட்டுகிறது, ஒன்றுமில்லை" என்று ஆறுதல் கொள்வதற்கு இடமுண்டு. அது பேராபத்து. பிராணவாயு ஏறிய இரத்தத்தையும் நச்சுவாயு ஏறிய இரத்தத்தையும் அக்கருவியால் பிரித்தறிய இயலாது. சாகக் கிடப்பவருக்கும் அது நல்ல எண்ணையே காட்டக்கூடும். ஒரே நேரத்தில் வீட்டில் இருவர் மூவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால், மழைக்காலச் சளி என்று கஷாயம் வைக்க உட்காராமல், எல்லாரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தை நிறுத்தி, 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் "ஜெனரேட்டர் ஓடியது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடை அறிந்து ஒலியெழுப்பும் பாட்டரிக் கருவிகள் விற்பனைக்கு உள்ளன. ஜெனரேட்டர் வாங்கும் பணத்தில் அது ஒரு சிறு பங்கே.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலை வேறு. மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கங்களில் சங்கத்தாரே பொதுவான டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கின்றனர். ஒலி அடக்கும் கூண்டு இருக்கும். புகைக்குழாயைக் கட்டடத்தின் உயரத்துக்கும் மேலே கொண்டுபோகவேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. அங்கு குடியிருப்போர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இயந்திரமும் அதன் மின்பலகையும் எந்த மட்டத்தில் இருக்கின்றன? தரைக்குக் கீழான வண்டி நிறுத்துமிடத்தில் என்றால், மின்சாரம் மிகத் தேவைப்படும் நாளில் அது நீருக்கடியில் இருக்கும். 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரை மருத்துவமனை ஒன்றின் ஜெனரேட்டர்கள் நீர் புகுந்து செயலிழந்ததும், அங்கே நோயாளிகள் உயிரிழந்த செய்தி நாட்டை உலுக்கியதும் நினைவிருக்கலாம்.

அடுத்தது மின்சாரம் வீட்டுக்குள் புகும் வழி. இதில் நம் மக்கள் கண்டுபிடித்துள்ள குறுக்குவழி ஒன்று நெஞ்சை நடுங்கச் செய்வது. ஓர் ஒயரின் இரு முனையிலும் பிளக்கு மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றொன்றை வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலும் செருகிவிடுகின்றனர். வீடு முழுவதும் விளக்கு எரிகிறது. செய்தவரின் சாமர்த்தியத்தை அண்டை வீட்டார் மெச்சுகின்றனர். அந்த ஒயரின் ஒரு முனை கழன்று விழுந்தால், பித்தளைக் கம்பிகள் இரண்டும் 230 வோல்ட் தாங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தவழும் குழந்தை அதைத் தொட எத்தனை நேரமாகும்?

வீட்டுக்கு வெளியே நேர்வது இதனினும் கொடிது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், ஜெனரேட்டரின் மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்குப் பாய்கிறது. நம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை இறக்கி வீட்டுக்குரிய அளவாக்கித் தருவது. அதே டிரான்ஸ்பார்மருக்குள் மறுபுறமிருந்து 230 வோல்ட் நுழைந்தால் அதை 11,000 வோல்ட்டாக ஏற்றவும் அது வல்லது. "தெருவிலுள்ள எல்லா வீட்டின் சுமையும் சேர்ந்தால் என் சிறு இயந்திரம் தானே நின்றுவிடும்" என்று வாதிப்பார் சிலர். கம்பி அறுந்து கிடக்கும் தெருவில் சுமை எங்கே இருக்கிறது? வர்தாவுக்குப் பின் பிற மாவட்டங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டு, சேற்றில் நின்று கம்பம் நட்டனர். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோதும் அவ்வாறே வந்தனர். முன்பின் தெரியாத நம் தெருவில், நமக்கு விளக்கெரியவேண்டிக் கம்பமேறும் அம்மனிதர், மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று நம்பியே கம்பியைத் தொடுகிறார். அவரைக் காத்து நிற்கும் கருவி சேஞ்ச் ஓவர் சுவிட்சு.

அதன் தத்துவம் எளிது. அதன் கைப்பிடி ஒரு புறம் இருந்தால் வாரிய மின்சாரம், மறுபுறம் இருந்தால் ஜெனரேட்டர் மின்சாரம், நடுவில் இருந்தால் இரண்டுமில்லை. இரண்டும் ஒன்றுகலக்க வழியே கிடையாது. மாற்று மின்னாக்கி வைப்போர் இவ்விரண்டும் கலவாதவாறு அமைக்கவேண்டும் என்பது மின்சார விதிகளின் கட்டளையுமாகும். ஒற்றை முனை மின்னிணைப்புள்ள வீட்டில் பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் சேர்த்து மாற்றும் வகையையே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். எர்த் இணைப்பையும் அவரே செய்யட்டும். வீட்டிலுள்ள உயிர்காப்பு டிரிப் சுவிட்சு, வாரிய மின்சாரத்தில் நன்றாய் வேலை செய்வது, சிறு ஜெனரேட்டரில் செயலற்றுப் போகலாம். ஏனெனில் அவ்வியந்திரங்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் வருகிறது. இதை அவரிடம் கேட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சேஞ்ச் ஓவர் வைக்க வசதியில்லையெனில், வீட்டு ஒயரிங்கைத் தொடாமல், தடித்த மூன்று கம்பி ஒயரால் ஜெனரேட்டரிலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்கோ விசிறிக்கோ நேரே இணைப்பது பாதுகாப்பானது. மெல்லிய ஒயர் சூடாகி உருகும். சுருட்டி வைத்த ஒயர் இன்னும் விரைவில் உருகும்.

இனி, எதை ஓட்டலாம் என்னும் கணக்கு. 2 கே.வி.ஏ. என்று எழுதிய இயந்திரம் ஏறத்தாழ 1,600 வாட் சுமையைத் தாங்கும். ஒரு குளிர்சாதனப் பெட்டி 150 வாட், மின்விசிறி மூன்று 225 வாட், எல்.இ.டி. விளக்கு ஆறு 54 வாட், தொலைக்காட்சி 80 வாட். கூட்டினால் 500 வாட்டைச் சற்றே தாண்டும். தாராளமாய் ஓடும். அதில் இஸ்திரிப் பெட்டியைச் சேர்த்தால் 1,000 வாட் கூடும். வெந்நீர்க் கொதிகலனும் மின் அடுப்பும் 2,000 வாட் அளவு கேட்பவை. அவற்றை நினைக்கவே வேண்டாம்.

பெரும்பாலோர் ஏமாறுவது மோட்டாரில். நம் பகுதியில் ஜெனரேட்டர் வாங்குவதன் முதல் நோக்கமே மேல்தொட்டிக்கு நீரேற்றுவதுதான். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 1,000 வாட் எடுக்கும்; தொடங்கும் கணத்திலோ அதைப்போல் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். 2 கே.வி.ஏ. இயந்திரம் அந்த இழுப்பைத் தாங்காது திணறும், மின்னழுத்தம் இறங்கும், மோட்டார் சுழலாமல் உறுமி நிற்கும், ஒரு நிமிடத்தில் உள்ளே சுற்றிய செம்புக்கம்பி கருகிவிடும். ஆழ்துளைக் கிணற்றினுள் இறக்கிய மோட்டாரென்றால் அதை மேலே எடுக்கும் கூலியே ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். 1 குதிரைத்திறன் மோட்டாருக்கு 3 கே.வி.ஏ.க்குக் குறைந்த இயந்திரம் வேண்டாம். அதிலும் மற்ற சுமை அனைத்தையும் அணைத்து, மோட்டாரைத் தனியே தொடங்கி, தொட்டி நிறைந்ததும் நிறுத்தி, அதன்பின் பெட்டியையும் விசிறிகளையும் ஒவ்வொன்றாய்ச் சேர்க்கவேண்டும். நிலத்தடித் தொட்டியிலிருந்து ஏற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் இவ்வளவு படுத்தாது.

குளிர்சாதனப் பெட்டியை நாள் முழுதும் ஓட்டவேண்டியதில்லை. திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தங்கும். இடையிடையே ஓட்டினால் போதும். ஒரு முறை நிறுத்தினால் மீண்டும் தொடங்க 5 நிமிடம் பொறுக்கவேண்டும். பிள்ளைகள் ஐஸ் பார்க்கத் திறந்து திறந்து மூடுவதைத் தாய்மார்தாம் தடுக்கவேண்டும். அதற்குக் கருவி எதுவும் இல்லை.

வீட்டில் நோயாளி இருந்தால் கணக்கு அவரிடமிருந்தே தொடங்கவேண்டும். பிராணவாயு தயாரிக்கும் கான்சென்ட்ரேட்டர் கருவி 300 முதல் 600 வாட் வரை கேட்கும்; அது ஓடும்போது மோட்டாரைத் தொடங்கி மின்னழுத்தத்தைக் குலைக்கலாகாது. ஜெனரேட்டர் ஒன்றையே நம்பாமல் சிறு பிராணவாயு சிலிண்டர் ஒன்றைக் கைவசம் வைக்க மருத்துவரைக் கேளுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டும். தற்போது பயன்படுத்திவரும் குப்பி, வெப்பம் மிகாத இடத்தில் சில வாரம் கெடாது. ஈரமணலில் பதித்த மண்பானையினுள் அதை வைக்கும் பழைய வழக்கமும் உண்டு. ஓர் இன்சுலின் குப்பிக்காக இரவெல்லாம் ஜெனரேட்டரை ஓட்டி வீட்டாரின் மூச்சைப் பணயம் வைக்கவேண்டியதில்லை.

எரிபொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. ஓடும் இயந்திரத்தில், சூடு தணியாத இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றும்போது மெழுகுவர்த்தி பிடித்து நிற்காதீர்கள். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுவதும் தவறு. நிற்குமுன் மின்னழுத்தம் தடுமாறித் தொலைக்காட்சியையும் பெட்டியையும் கெடுக்கும். இயந்திரத்தைத் தொடங்கி இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பிறகு சுமை ஏற்றுங்கள். சுமையை எல்லாம் இறக்கியபின் நிறுத்துங்கள்.

வாரிய மின்சாரம் திரும்பியதைத் தெருவிளக்கு சொல்லும். சேஞ்ச் ஓவர் சுவிட்சின் வாரியப் பக்கத்தில் ஒரு சிறு அடையாள விளக்குப் பொருத்தினால் பகலிலும் தெரியும். உடனே கைப்பிடியைத் தள்ளாதீர்கள். புயலுக்குப் பின் வரும் மின்சாரம் வந்தும் போயும் சிலமுறை ஆடும். கால் மணி நேரம் நிலைத்தபின், பெட்டியையும் மோட்டாரையும் அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஜெனரேட்டரை ஆறவிட்டுத் துடைத்து, எண்ணெய் அளவு பார்த்து மூடி வையுங்கள். மாதத்துக்கொரு முறை, மழையில்லாத நாளிலும், கால் மணி நேரம் வெளியே வைத்து ஓட்டிப் பாருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் வீட்டிலுள்ள வளர்ந்த பிள்ளைகளையும் அருகழைத்து, நிறுத்தும் விசை எது, சேஞ்ச் ஓவரின் நடுநிலை எது, புகைக்குழாய் எப்புறம் நோக்கவேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். மழையிரவில் தந்தை வேலையிலிருந்து திரும்ப இயலாமற் போகலாம்.